என்.சி.ஏ. பரீட்சை எழுதவிருக்கும் மனித உரிமைச் சட்டத்தரணிகளுக்கு

இலங்கையில் அடிப்படை உரிமை மனுக்களையும் ஆட்கொணர்வு மனுக்களையும் நடத்தி வந்த நான், வெளிநாட்டில் சட்டம் பயின்றவர்கள் கனடாவில் சட்டத்தரணியாவதற்கு எழுதும் என்.சி.ஏ. (தேசியத் தகுதியேற்புக் குழு) பரீட்சையில் ஐந்து கட்டாயப் பாடங்களிலும் சித்தியடைந்து, தகுதிச் சான்றிதழை அண்மையில் பெற்றுக்கொண்டேன். ஒன்ராறியோவின் உரிமப் பரீட்சைகளும் பயிற்சிக் காலமும் மீதமிருந்தாலும், பெரும் பாரம் இறங்கிய நிம்மதியோடு இதை எழுதுகிறேன்.

எமது துறையிலிருந்து வருபவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வினாத்தாளில் வரும் மனிதருக்காக மனு வரையாதீர்கள். தடுத்துவைக்கப்பட்டவர், நாடுகடத்தப்படவிருப்பவர் என்று வினா தொடங்கியவுடன் எங்கள் கை நிவாரணத்தை நோக்கி ஓடுகிறது. பரீட்சகரோ, சட்டச் சோதனையின் (ஒரு பிரச்சினையைத் தீர்க்க நீதிமன்றம் படிப்படியாகக் கேட்கும் கேள்விகளின்) ஒவ்வொரு படியிலும் அரசு என்ன சொல்லும், மனுதாரர் என்ன சொல்வார், தரப்பட்ட விவரங்களில் எது யாருக்குத் துணைநிற்கிறது என்பதையே தேடுகிறார்.

கனடா உயர் நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுச் சுரேஷ் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு என்பதால் அதை உணர்ச்சியின்றி வாசிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. சித்திரவதை ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாகக் கனடாவின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 7ஆம் பிரிவை (உயிர், சுதந்திரம், பாதுகாப்பு) மீறும் என்ற வரியோடு பதிலை முடித்துவிட மனம் தூண்டும். ஆனால் அதே தீர்ப்பு விதிவிலக்கான சூழ்நிலைகளுக்கு இடம் விட்டிருக்கிறது. நடைமுறை நியாயத்தை அளக்க 1999ஆம் ஆண்டின் பேக்கர் வழக்கின் காரணிகளைக் கையாள்கிறது. இவ்விரண்டும் இல்லாத பதில் அரைப் பதில்தான். மீளாய்வுத் தரம் (அதிகாரியின் முடிவை நீதிமன்றம் எவ்வளவு ஆழமாக ஆராயும் என்பது) பற்றிச் சுரேஷ் தீர்ப்பில் உள்ளதை, அத்தரத்தை மாற்றியமைத்து 2019இல் வந்த வவிலோவ் தீர்ப்புக்குப் பின் அப்படியே எடுத்தெழுதவும் கூடாது.

அடிப்படை உரிமை மீறலுக்காக இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் நேரடியாக உயர் நீதிமன்றம் சென்று பழகிய எங்களுக்கு நிர்வாகச் சட்டமே கடினமான பாடம் என்பது என் கருத்து. இன்னொரு வேறுபாடும் உண்டு. நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த எமது அரசியலமைப்பின் 80(3) இடமளிப்பதில்லை. கனடாவிலோ 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, அரசியலமைப்புக்கு முரணான சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. ஆகவே நிவாரணப் பகுதியைத் தனியாகப் படியுங்கள்: சட்டமே பிழையென்றால் 52, அதிகாரியின் செயல் பிழையென்றால் சாசனத்தின் 24(1).

மற்றவை சுருக்கமாக:

- புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதை நம்பிப் படிப்பைத் தளர்த்த வேண்டாம். மூன்று மணித்தியாலத்தில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.
- ஒரு சோதனைக்கு ஒரு பக்கம். ஓக்ஸ் சோதனையாயின் (உரிமையைக் கட்டுப்படுத்துவது நியாயமா என்று பார்ப்பது) நோக்கத்தின் முக்கியத்துவம், அறிவுசார் தொடர்பு, குறைந்தபட்சப் பாதிப்பு, விளைவுகளின் சமநிலை என்ற ஒழுங்கில். வழக்கின் கதை ஒரே வரியில்.
- கனடியச் சட்டத்தின் அடிப்படைகள் என்ற பாடத்தில் பழங்குடி மக்களின் உரிமைகளை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். அவ்வுரிமைகளை அங்கீகரிக்கும், 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவையும் அதை விளக்கிய ஸ்பாரோ வழக்கையும் அறியாமல் இந்நாட்டில் மனித உரிமை பேச எங்களுக்குத் தகுதி இல்லை.
- குழுவாகப் படிப்பது பலருக்கு உதவுகிறது. தனியே இருந்து, நேரம் வைத்து, பழைய வினாக்களுக்கு முழுப் பதில் எழுதிப் பார்த்ததே எனக்குப் பலித்தது. அரசுத் தரப்பு வாதத்தை முதலில் எழுதினேன்.