ஒரு இலை தள்ளி

காலையில் வந்து பார்த்தால், ராத்திரி ஓடிய டெஸ்ட்களில் ஒரு மெஷினில் மட்டும் எல்லாமே சிவப்பு. லாகைத் திறந்தேன். ஹோஸ்ட்நேம், அதாவது மெஷினின் பெயர், கேட்டதற்கு லாகின் பேனரின் (உள்ளே நுழைந்ததும் வரும் வரவேற்புச் செய்தி) மிச்சம் வந்திருந்தது. டிஸ்க் எவ்வளவு காலி என்றதற்கு ஹோஸ்ட்நேம். அடுத்த கேள்விக்கு டிஸ்க் கணக்கு. பந்தியில் ஒரு இலை தள்ளிப் பரிமாறிக்கொண்டே போனது போல.

பைத்தானில் பிஎக்ஸ்பெக்ட் (ஆளுக்குப் பதில் தானே டைப் செய்து, பதிலுக்குக் காத்திருக்கும் லைப்ரரி) வைத்து எழுதிய டெஸ்ட்கள் அவை. தூரத்து மெஷினுக்குள் எஸ்எஸ்ஹெச்சில் போய் கமாண்டை அனுப்பும். ப்ராம்ப்ட், அதாவது ‘அடுத்த கமாண்டைக் கொடு’ என்று ஷெல் (கமாண்டை வாங்கி ஓட்டும் ப்ரோக்ராம்) காட்டும் குறி, திரும்பி வந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ப்ராம்ப்ட் என்றால் டாலரோ ஹேஷோ, பின்னால் ஒரு ஸ்பேஸ். அதைத் தேட நான் எழுதிய ரெகெக்ஸ் (தேடல் வடிவம்) அவ்வளவுதான். அந்த மெஷினில் யாரோ பேனரைச் சுற்றி ஹேஷ்களால் (#) பெட்டி கட்டியிருந்தார்கள். அதையே ப்ராம்ப்ட் என்று டெஸ்ட் எடுத்துக்கொண்டது.

பேனரை மட்டும் தாண்டிப் போகச் செய்தேன். அப்புறம் ஒருவர் தன் மேக்கைச் சேர்த்தார். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேடலினாவிலிருந்து மேக்கில் புது அக்கவுன்ட்டுக்கு இயல்பாக வருவது இஸட்-ஷெல்தான் (zsh). ப்ராம்ப்ட் % குறியில் முடியும். சரி என்று அதையும் சேர்த்தேன். ஆனால் லினக்ஸில் டிஸ்க் கணக்கு காட்டும் டிஎஃப் கமாண்டின் தலைப்பு வரியிலேயே ‘யூஸ்%’ என்று ஒன்று இருக்கிறது, பின்னால் ஸ்பேஸோடு. மறுபடி இலை தள்ளியது.

இனி ஊகிப்பதில்லை, ப்ராம்ப்ட்டை நாமே வைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். உள்ளே போனதும் எக்ஸெக் கமாண்டு போட்டு சாதா ஷெல்லான எஸ்ஹெச்சுக்கு மாறி, ப்ராம்ப்ட் எப்படி இருக்கும் என்று சொல்லும் பிஎஸ்1-இல் எங்கள் அடையாளச் சொல்லை வைத்தேன். அதிலும் ஒரு குழி. நாம் அனுப்பியதை டெர்மினல் எக்கோவாகத் திருப்பிக் காட்டும். அனுப்பிய வரியிலேயே அந்தச் சொல் இருந்ததால், ஷெல் கை வைக்கும் முன்பே ‘ப்ராம்ப்ட் வந்தாச்சு’ என்று டெஸ்ட் குதித்தது. சொல்லை நடுவில் உடைத்து, இடையில் வெற்று மேற்கோள் குறி இரண்டு போட்டேன். எக்கோவில் குறிகளோடு வரும். ஷெல் அவற்றை விழுங்கிவிடுவதால் ப்ராம்ப்ட்டில் மட்டும் முழுச் சொல் வரும். இந்தச் சின்னத் திருட்டுத்தனத்தில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை.

அதைக் காட்டியபோது, புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “அண்ணா, இதுல எத்தனை டெஸ்ட்டுக்கு நிஜமாவே ப்ராம்ப்ட் வேணும்?”

எண்ணிப் பார்த்தோம். பாஸ்வேர்டு மாற்றுவது, இன்ஸ்டாலர் கேள்வி கேட்பது, இந்த இரண்டுக்குத்தான். மற்றதற்கெல்லாம் எஸ்எஸ்ஹெச் வரியிலேயே கமாண்டைக் கொடுத்து, அது முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணான எக்ஸிட் கோடைப் பார்த்தால் போதும். அந்த வாரமே மாற்றி எழுதினாள்.