கடிதத்தின் இரண்டாவது பத்தி

அந்தக் கடிதம் வந்தது 2024 மே மாதம். தோட்ட அலுவலகத்தில் அன்று சம்பளப் பதிவேடான செக்ரோலை முடிக்கிற நாள். மாலையில் வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூடப் போகாமல் உறையைப் பிரித்தேன். மலேசியாவின் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்காக, செலவைக் காப்புறுதி நிறுவனமே கட்டும் என்று உறுதி தரும் கேரண்டி லெட்டர் கேட்டிருந்தோம். மருத்துவமனை சொன்ன தொகை 38,000 வெள்ளி (ரிங்கிட்). காப்புறுதி நிறுவனம் இரண்டே பத்தியில் மறுத்திருந்தது.

முதல் பத்தி: உடல் எடையைக் குறைக்கவோ கூட்டவோ செய்யும் சிகிச்சைகளுக்கு உங்கள் மருத்துவக் காப்புறுதி அட்டையில் இடமில்லை. இதைப் படித்துத்தான் அழுதேன். எட்டு வருடமாக மாதம் 187 வெள்ளி, ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருக்கிறேன். இரண்டாவது பத்தியை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கவே இல்லை. மூன்றாம் நாள் இரவு என் வீட்டுக்காரர் லோரியை நிறுத்திவிட்டு வந்து, மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கீழ என்னமோ ரத்து பண்ணுவோம்னு எழுதியிருக்கானே, பாத்தியா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். காப்புறுதி எடுப்பதற்கு முன்பே எனக்குச் சர்க்கரைக் கோளாறு இருந்ததாகவும், அதை நான் விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்றும், அதனால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். நான் மறைத்தேனாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் அம்மா சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 2009இல் வலது பாதத்தை எடுத்தார்கள். கடைசி நான்கு வருடம் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். காலை நான்கரை மணிக்கு வேன் வரும். அம்மா அதற்கு முன்பே எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 2015இல் இறந்துவிட்டார். அடுத்த வருடமே நான் இந்தக் காப்புறுதியை எடுத்ததற்குக் காரணம் அதுதான். அம்மா பட்டது எனக்கு வந்தால் பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று எடுத்தேன். அப்படி எடுத்த என்னைப் பார்த்து மறைத்தாய் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

எனக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது 2018இல், அரசாங்கக் கிளினிக்கில். மாத்திரை, அப்புறம் ஊசி. 2024 மார்ச்சில் காலில் ஒரு சின்னப் புண் வீங்கி, காய்ச்சல் வந்து, சர்க்கரை 27க்கு (மில்லிமோல் கணக்கில்) ஏறி, அதே ஈப்போ மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்தேன். 6,840 வெள்ளி. "விசாரணை நடக்கிறது" என்று காப்புறுதி அந்தப் பணத்தையும் நிறுத்தி வைத்ததால் என் வீட்டுக்காரருடைய சேமிப்பை எடுத்துக் கட்டினோம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று சர்க்கரை டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னார்: உயரம் 156 சென்டிமீட்டர், எடை 91 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 37.4, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 10.8. இரண்டு வேளை இன்சுலின் போட்டும் அடங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. இனி ஊசியை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரைப்பை அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசியுங்கள் என்றார். அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

முகவர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் நல்லவர், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கம்பெனி சொன்னா சொன்னதுதான் தங்கச்சி, விட்டுடு" என்றார். தோட்ட அலுவலகத்தில் இருபது வருடமாக கிராணி (எழுத்தர்) வேலை பார்ப்பவள் நான். ஒருவருடைய சம்பளத்தில் ஒரு நாள் விடுபட்டால்கூட, எந்தத் தாளில் விட்டுப்போனது என்று தேடாமல் விட மாட்டேன். அதனால் முதலில் தாள்களைக் கேட்டேன். 2016இல் நான் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல், ஒப்பந்தம் முழுவதும், நான் மறைத்ததாகச் சொல்ல அவர்கள் வைத்திருக்கும் ஆதாரம். நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பார்க்க, 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமை கொடுக்கிறது. இதை மின்னஞ்சலில் ஒரே வரியில் எழுதினேன். மூன்று வாரத்தில் எல்லாம் வந்தது.

விண்ணப்பத்தைப் பிரித்தபோது கை நடுங்கியது. ஏனென்றால் முகவர் அண்ணன்தான் அன்றைக்கு நிரப்பினார். என்ன எழுதினார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் கையெழுத்தில் அப்படியே இருந்தது: எடை 79 கிலோ. குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு உண்டா? உண்டு, தாய். இருமுறை படித்தேன். நான் எதையும் மறைக்கவில்லை. என் எடையையும் அம்மாவின் நோயையும் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் என்னை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் வைத்திருந்த ஆதாரம் 2013இல் ஒரு தனியார் கிளினிக்கின் அரைப் பக்கக் குறிப்பு. காய்ச்சலுக்குப் போனபோது விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். "சர்க்கரை சற்று அதிகம், மீண்டும் பார்க்கவும்" என்று டாக்டர் தன் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. மருந்தும் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதியிருக்க முடியும்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, நம்மைப் போன்ற தனி ஆட்களின் கடமை, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது. அதோடு, ஆயுள் காப்புறுதி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டால், முக்கியமான விஷயத்தில் மோசடியாகப் பொய் சொன்னார் அல்லது மறைத்தார் என்று காட்டினால்தான் நிறுவனம் அதை ரத்து செய்ய முடியும். என் மருத்துவ அட்டை ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்து வந்தது. எட்டு வருடம் ஓடியிருக்கிறது. இந்த இரண்டையும் என் மகள் இணையத்தில் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது, ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதும் வருடம். பாட்டியின் வேன் வரும் நேரம் அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

முதல் பத்திக்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம். கேரண்டி லெட்டர் கேட்டு மருத்துவமனை அனுப்பிய படிவத்தைப் பார்த்தால், நோய் என்ற இடத்தில் "உடல் பருமன்", சிகிச்சையின் நோக்கம் என்ற இடத்தில் "எடை குறைப்பு" என்று யாரோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்சுலின் இல்லை, எச்பிஏ1சி இல்லை, மார்ச் மாதம் படுத்திருந்தது இல்லை. நான் அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் திரும்பப் போய், உள்ளதை உள்ளபடி முழுதாக எழுதித் தரச் சொன்னேன். அவர் இரண்டு பக்கம் எழுதினார். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவதால், எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கும் என்று விளக்கியிருந்தார். 2016இல் 45 பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் ஏற்ற கூட்டறிக்கை, நீரிழிவுக்கான சிகிச்சைகளில் ஒன்றாகவே இதைச் சேர்த்திருப்பதையும், நம்மைப் போன்ற ஆசிய உடல்களுக்கு பிஎம்ஐ அளவைக் குறைத்தே பார்க்க வேண்டும் என்று அது சொல்வதையும் எழுதினார். இதோடு கிளினிக்கின் பச்சை நிற நீரிழிவுப் புத்தகத்தை 2018 முதல் பக்கம் பக்கமாகப் போட்டோஸ்டாட் எடுத்து இணைத்தேன்.

ஊரில் பேச்சு வேறு. கோயிலில் ஒரு பெரியம்மா, அன்பாகத்தான், "சோத்தக் கொஞ்சம் கொறச்சா போதாதா கண்ணு, வயித்த வெட்டணுமா?" என்றார். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்த நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் அதிக எடையோடோ பருமனோடோ இருக்கிறார்கள். ஒரு நாட்டில் பாதிப் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் அடக்கம் இல்லாமல் போய்விட்டார்கள் என்று என்னால் நம்ப முடியாது. நான் சோற்றைக் குறைத்தவள். காலையில் இரண்டு அவித்த முட்டை, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவில் ஓட்ஸ் என்று பதினொரு மாதம் இருந்து 9 கிலோ இறக்கி, அடுத்த வருடத்தில் 12 கிலோ ஏறியது. இன்சுலினும் பசியை ஏற்றும், எடையை ஏற்றும். பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "டாக்டர் சொல்லிட்டாரு பெரியம்மா" என்றேன்.

ஆகஸ்டில் நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்தது. மறைத்தேன் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை, எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் அதே பதில். மார்ச் மாதப் பணத்தையும், அது "எடை தொடர்பானது" என்று புதுக் காரணம் சொல்லி மறுத்தார்கள். காலில் புண் வந்தது எப்படி எடை தொடர்பானது ஆகும்?

இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, காப்புறுதி வழக்கென்றால் 250,000 வெள்ளி வரை பார்ப்பார்கள். நான் அக்டோபரில் அனுப்பியபோது அதன் பெயர் ஓஎஃப்எஸ். 2025 ஜனவரியில் முதலீட்டுப் புகார்களைப் பார்க்கும் அமைப்போடு சேர்ந்து எஃப்எம்ஓஎஸ் ஆனது. என் கோப்பு தொலைந்துபோகுமோ என்று பயந்து போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாக, "இங்கேதான் இருக்கிறது அக்கா, கவலைப்படாதீர்கள்" என்று மலாயில் சொன்னார்.

சமரசப் பேச்சு ஏப்ரலில் நடந்தது. வரிக்கு வரி ஒப்பந்தத்தைப் படித்தார்கள். விலக்கு வாசகத்தில் "எந்தக் காரணத்துக்காகவும்" என்ற சொல் இருந்தது. எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை, எந்தக் காரணத்துக்காகச் செய்தாலும். நான் எவ்வளவு பேசியும் அந்தச் சொல்லை நகர்த்த முடியவில்லை. ஆனால் காலில் வந்த புண்ணுக்கும் 27 சர்க்கரைக்கும் அந்த வாசகம் பொருந்தாது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 6,840 வெள்ளி முழுதாக வந்தது. ஒப்பந்தம் தொடர்கிறது, மறைத்ததாக எந்தப் பதிவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த கட்டமாக ஒம்புட்ஸ்மனின் தீர்ப்புக்குப் போயிருக்கலாம். அதற்குள் கோலாலம்பூரில் ஒரு அரசாங்க மருத்துவமனையில் எனக்குத் தேதி வந்துவிட்டது. ஈப்போ கேட்டதில் ஒரு சிறு பங்குதான் செலவு. கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வாசகம் தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நாளை என் சிறுநீரகம் கெட்டால் இதே அட்டை டயாலிசிஸுக்குப் பணம் கட்டும். அது கெடாமல் இருக்கச் செய்யும் சிகிச்சைக்குக் கட்டாது. அம்மாவின் நான்கு வருடத்தைப் பார்த்தவள் இதை எப்படிச் சரி என்று ஏற்றுக்கொள்வேன்? மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும்.

அறுவைச் சிகிச்சை 2025 ஜூனில் நடந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் போனோம். அறுவைக்கு முந்தின இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்காகப் பால் கலவை மட்டும். இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு மாதம் தண்ணீர் ஆகாரம், கூழ். பி12 மாத்திரையை வாழ்நாள் முழுக்க விட முடியாது. இப்போது எடை 69. இன்சுலின் இல்லை. கடைசி எச்பிஏ1சி 6.2. கிளினிக்கில் நர்ஸ் பச்சைப் புத்தகத்தில் அந்த எண்ணை எழுதிவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்தில் பழம் பொறுக்கும் பிள்ளை ஒருத்தி அலுவலக வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷனுக்கு நெஞ்சில் பலூன் வைத்ததற்குக் காப்புறுதி மறுத்துவிட்டதாம். நான்காக மடித்த கடிதத்தைக் கொடுத்து, "அக்கா, இதுல என்ன போட்டிருக்குனு பாருங்க" என்றாள். நான் முதலில் இரண்டாவது பத்தியைப் படித்தேன். பிறகு தேதியைப் பார்த்து காலண்டரில் எண்ணினோம். ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்ணப்பத்தின் நகலையும் கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மகளும் அன்றைக்கு வீட்டில்தான் இருப்பாள்.