புதுப் பள்ளிக்கூடம் எத்தனை பிள்ளைகளுக்கு?

ஊர் வேகமாக வளர்கிறது, பள்ளிக் கட்டடங்களுக்கோ வயசாகிவிட்டது. "புதுசு எப்போ கட்டுவாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் கேள்வி, எத்தனை பிள்ளைகளுக்கு?

இது ஒன்றும் ஜோசியம் இல்லை. இன்று பிறப்புப் பதிவேட்டில் ஏறும் குழந்தை ஐந்தாறு வருஷத்தில் ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்கும். ஒன்றாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்புக்குப் போகிறார்கள் என்பதைப் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் சொல்லிவிடும். கூடவே, அனுமதி வாங்கியிருக்கும் குடியிருப்புகளையும் பார்க்க வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீடுகளா, மூன்றா என்பதிலேயே கணக்கு மாறும்.

நிலத்தை முதலிலேயே ஒதுக்காவிட்டால், அப்புறம் கிடைப்பது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்தான்.

பழைய கட்டடத்தில் கூரை ஒழுகுவது கண்ணில் படும். சுவருக்குள் ஓடும் பழைய மின்கம்பியும் கூரையில் கலந்திருக்கும் கல்நாரும் (நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்) படாது. அதையெல்லாம் சேர்த்து, பழுதுபார்க்கும் செலவைப் புதுசாகக் கட்டும் செலவோடு ஒப்பிட்ட பிறகுதான் இடிப்பதா வேண்டாமா என்று பேச வேண்டும். வெள்ளையடிப்பதைப் புதுப்பிப்பு என்று சொல்லாதீர்கள், ப்ளீஸ்.

தற்காலிக வகுப்பறை போடுகிறோம் என்பார்கள். சரி, போடட்டும். கழிப்பறை? நாலு வகுப்புகள் கூடியிருக்கும், குழாய் அதே மூன்றுதான். இடைவேளை முடிந்து மணி அடிக்கும்போதும் வரிசையில் பாதிப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.