கிரைண்டருக்கு ஒரு அரைமணி டைமர்

உளுந்து போட்டு அரை மணி நேரம் ஆனதும் பஸ்ஸர் கத்த வேண்டும், இவ்வளவுதான் தேவை. போனில் அலாரம் வைக்கலாம்தான். மாவுக் கையோடு போனைத் தொட அம்மாவுக்குப் பிடிக்காது. கிரைண்டரின் கரண்ட் லைனைத் தொடாமல், 9 வோல்ட் பேட்டரியில் தனியாக ஓடும்படி செய்ய நினைத்தேன்.

டைமர் என்றாலே கை முதலில் 555 என்ற ஐசிக்குத்தான் (சின்ன சிப்) போகும். ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்தது. இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் மாடிப்படி எல்இடி விளக்கு அதில்தான் ஓடுகிறது. கரண்டை மட்டுப்படுத்த 1 மெகாஓம் ரெசிஸ்டர், அதன் வழியே மெல்ல நிரம்பும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்; இரண்டையும் பெருக்கி 1.1-ஆல் பெருக்கினால் 110 விநாடி. கெப்பாசிட்டர் சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் விளக்கு அணையும். பேட்டரி இறங்கினால் அந்த எல்லையும் சேர்ந்தே இறங்குவதால் நேரம் மாறுவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய இந்த யோசனையை இப்போது பார்த்தாலும் எனக்குப் பிரமிப்புதான்.

ஆனால் அரை மணி நேரம் வேறு சங்கதி. 3.3 மெகாஓம், 470 மைக்ரோஃபாரட் போட்டால் கணக்குப்படி 28 நிமிடம் வரும். அந்த ரெசிஸ்டர் வழியே கடைசியில் பாய்வதோ ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. அவ்வளவு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் கசிவே அதைவிட அதிகமாக இருக்கலாம். ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்ட கதைதான், எல்லையைத் தொடும் என்று நம்ப முடியாது.

அதனால் சிடி4060 என்ற வேறொரு ஐசிக்கு மாறினேன். இது வேகமாகத் துடித்து, துடிப்புகளை எண்ணும். அதன் மூன்றாம் காலில், அதாவது பின் 3-இல், 8192 துடிப்புக்குப் பிறகு சிக்னல் வரும். 1800 விநாடிக்கு, விநாடிக்கு சுமார் 4.55 துடிப்பு போதும். 0.22 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், 390 கிலோஓம் ரெசிஸ்டர், அதோடு தொடராக 100 கிலோஓம் பிரீசெட் (திருப்பி அளவை மாற்றும் ரெசிஸ்டர்). இவ்வளவு சின்ன கெப்பாசிட்டரில் கசிவுத் தொல்லை இல்லை.

சரிபார்க்க ஒவ்வொரு முறையும் அரை மணி காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய சௌகரியம். பின் 15-இல் 512 துடிப்பிலேயே சிக்னல் வந்துவிடும், அதாவது 16-இல் ஒரு பங்கு நேரம். அங்கே ஒரு எல்இடியை மாட்டி, போன் ஸ்டாப்வாட்சில் 112.5 விநாடி வரும்வரை பிரீசெட்டைத் திருப்பினேன். பின் 3 தானாகவே அரை மணிக்கு வந்து நின்றது.

பின் 3-இலிருந்து, துடிப்பு உள்ளே போகும் பின் 11-க்கு ஒரு 1என்4148 டையோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது) போட்டால், நேரம் முடிந்ததும் துடிப்பு நின்று, ரீசெட் பட்டனை அழுத்தும்வரை பஸ்ஸர் ஒலிக்கும். பஸ்ஸரை ஓட்ட ஒரு பிசி547 டிரான்சிஸ்டர்.

சர்க்யூட் இப்போது, சாலிடர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரட்போர்டிலிருந்து, சாலிடர் செய்யும் பிசிபி பலகைக்கு மாறிவிட்டது. பின் 2 இதில் சரிபாதி நேரம், 15 நிமிடம் தரும். ஒரு சுவிட்சில் அதையும் கொண்டுவந்துவிட்டால் சட்னிக்கு ஊறவைக்கும் மிளகாய்க்கும் ஆகும் என்கிறார் அம்மா. அடுத்த வேலை அதுதான், பிறகு தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஒரு டப்பா.