டைனிங் டேபிளில் ஒரு நர்சிங் வகுப்பு: ஜூலை 2020 நாட்குறிப்பு

6 ஜூலை 2020, திங்கள்

கொரோனாவால் வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. இன்று முதலாம் ஆண்டுக்கு பாடி மெக்கானிக்ஸ் எடுத்தேன். நோயாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள், பாரம் உடம்பை ஒட்டியே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கழுத்திலிருந்து வலது தோள் வரை இழுத்தது. கிளினிகல் போஸ்டிங் நாட்களில் காலை ஏழு மணிக்கே வார்டில் நிற்போம், மதியம் வரை பெட் பெட்டாக நடப்போம், வலித்தால் கால்தான் வலிக்கும். இப்போது காலுக்கு வேலையே இல்லை. நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் தொல்லை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது.

8 ஜூலை, புதன்

வகுப்பு எடுக்கும்போது பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன் மகளிடம். அதை வைத்து ரூலா (வேலை செய்யும்போது உடம்பை வைத்திருக்கும் விதத்தால் எவ்வளவு ஆபத்து என்று பார்க்கும் முறை) மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். 1993-இல் மெக்கடாம்னியும் கார்லெட்டும் வெளியிட்ட முறை, கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்டு கடைசியில் 1 முதல் 7-க்குள் ஓர் எண் வரும். கழுத்து 20 டிகிரிக்கு மேல் குனிந்தால் அதற்கு மட்டுமே 3. எனக்கு மொத்தம் 6. அப்படியென்றால் சீக்கிரம் மாற்றியாக வேண்டும்.

12 ஜூலை, ஞாயிறு

முழு ஊரடங்கு, கடை கிடையாது. நேற்றே கீபோர்டும் மவுஸும் வாங்கி வைத்தது நல்லதாயிற்று. தடித்த மெடிக்கல் சர்ஜிகல் புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை மேலே ஏற்றினேன், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தது. காலுக்குக் கீழே குட்டி ஸ்டூல், இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. முழங்கை இப்போது உடம்பை ஒட்டி நிற்கிறது.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் இது வெறும் வலி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று உறைத்தது. பிள்ளைகள் கேர் பிளானை, அதாவது நோயாளியைக் கவனிக்கும் திட்டத்தை, கையால் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறார்கள், பாதி மங்கல், பாதி சாய்ந்திருக்கும். காலையில் திருத்தும்போது நர்சிங் டயக்னோசிஸ் ஏன் பொருந்தவில்லை, எந்த அசெஸ்மென்ட் விட்டுப்போயிருக்கிறது என்று நாலு வரி எழுதுகிறேன். சாயங்காலம் தோள் கடுக்கத் தொடங்கியதும் ஒரு டிக் அடித்து அடுத்ததற்குப் போய்விடத் தோன்றுகிறது. அந்த நாலு வரிதான் பாடம், அது போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? வார்டுக்கே போகாமல் படிக்கிற பிள்ளைகள் வேறு.

17 ஜூலை, வெள்ளி

ஆன்லைன் மீட்டிங். எத்தனை வகுப்பு, எத்தனை பேர் வந்தார்கள், ஸ்கிரீன்ஷாட் எங்கே, இதுவே ஒரு மணி நேரம் ஓடியது. முடிவில் நான் கேட்டேன்: "மேடம், ஸ்டாஃப் ரூமில் ரிவால்விங் சேர் எல்லாம் பூட்டிக் கிடக்கிறதே, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொடுக்கலாமா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு டியூட்டர், ஆறு மாதக் கர்ப்பிணி, தான் கட்டிலில் தலையணை சாய்த்து உட்கார்ந்துதான் வகுப்பு எடுப்பதாகச் சொன்னார். ஆய்வகத்துக்கு மானிகின் (பயிற்சிக்கான ஆள் பொம்மை) வாங்குவது கல்லூரியின் பொறுப்பு என்றால், ஆசிரியர் உட்காரும் நாற்காலியும் அப்படித்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

21 ஜூலை, செவ்வாய்

இன்று பெட் மேக்கிங் டெமோ. வீட்டுக் கட்டில் முழங்கால் உயரம்தான், குனிந்தே செய்தால் இடுப்பு போய்விடும், அதனால் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிச் செய்து காட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலை உயர்த்திக்கொள்ளலாம், அங்கே இப்படிச் செய்யக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னேன். நின்றபடி எடுத்ததில் குரலும் நன்றாக வந்தது. இனி ஒரு வகுப்பு உட்கார்ந்து, ஒரு வகுப்பு நின்று.

மாலையில் போன் வந்தது. இரண்டு சேர் மட்டும் அனுப்புகிறார்களாம், ஒன்று அந்தக் கர்ப்பிணி டியூட்டருக்கு. சரி, மற்றவர்களுக்காக வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மறுபடியும் கேட்பேன், இந்த முறை எல்லாருடைய ரூலா மதிப்பெண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு.