டிசோசியேஷன்: கூடப் போகிறவர் எழுதிக்கொண்டு போக வேண்டியது

டிசோசியேஷன் என்பது சுற்றியிருப்பதிலிருந்தும் தன்னிடமிருந்தும் மனம் சற்று நேரம் விலகிப்போகும் நிலை. அது உள்ளவரை டாக்டரிடம் கூட்டிப்போவதில் ஒரு பெரிய சிக்கல். நடந்ததைச் சொல்ல வேண்டியவருக்கே அந்த நேரம் பாதி நினைவிருக்காது. "என்ன பண்ணுது?" என்று கேட்டதற்கு என் கணவர் சொன்னது, "அப்பப்ப ஒரு மாதிரி ஆயிடுது டாக்டர்." அவ்வளவுதான். நான் வாயெடுத்ததும், "அவரே சொல்லட்டும், நீங்க வெளியில இருங்க" என்றார்கள். கையில் கிடைத்தது டென்ஷனுக்கு மாத்திரையும், நன்றாகத் தூங்கச் சொல்லி ஓர் அறிவுரையும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நோயாளியோடு தனியாகப் பேச வேண்டியதும் அவசியம்தான். ஆனால் கூட இருந்து பார்த்தவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இதற்கு மருந்து எழுதுவது என்ன நியாயம்?

அதனால் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பக்கம், அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். தேதி, தொடங்கிய நேரம், தெளிந்த நேரம். அதற்கு முன் என்ன நடந்தது: தூக்கம் கெட்டதா, வாக்குவாதமா, ஏதாவது சத்தமா, வாசனையா. கூப்பிட்டால் பதில் வந்ததா, பிறகு எவ்வளவு ஞாபகம் இருந்தது. சாப்பிடும் மாத்திரைகள், குடி, கஞ்சா எதையும் மறைக்காதீர்கள். கஞ்சாவுக்குப் பிறகு உலகமே பொய்யாகத் தெரியும் நிலை சிலருக்கு வருவதுண்டு. "வெறித்துப் பார்க்கிறார்" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. "ஜன்னல் பக்கம் பார்த்தபடி 20 நிமிடம் உட்கார்ந்திருந்தார், கண் சிமிட்டினார், தோளைத் தொட்டதும் உதறினார், தெளிந்ததும் முன்னால் ஆறிக்கிடந்த காபியை யார் வைத்தது என்று கேட்டார்." இப்படி எழுதிய தாளைப் படித்த அடுத்த டாக்டர்தான் என்னையும் உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார். முடிந்தால் மொபைலில் வீடியோவும் எடுங்கள். அதற்கான சம்மதத்தை அவர் தெளிவாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் சிரமமில்லாமல் முடிந்துவிடும். ஏமாறும் இடம் இ.இ.ஜி, அதாவது இது வலிப்பா என்று பார்க்க மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால், வலிப்பு நோய் உள்ளவருக்கே அது நார்மலாக வரலாம். ஆகவே ஒரு நார்மல் ரிப்போர்ட்டை வைத்து வலிப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது, "ஒண்ணுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. நினைவு தப்பும் வகை வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடியும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். வாயைச் சப்புவது, கை எதையாவது துழாவுவது இருக்கலாம். டிசோசியேஷன் மணிக்கணக்கில்கூட நீளும். நேரத்தைக் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான். சந்தேகம் தீராவிட்டால் வீடியோ இ.இ.ஜி (ஆளை வீடியோ எடுத்தபடியே பதிவு செய்வது) பற்றி நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், இதை மனச்சிதைவு (நிஜம் எது என்ற தெளிவு போய்விடும் மனநோய்) என்று நினைத்துவிடுவது. "கனவுல நடக்கிற மாதிரி இருக்கு" என்கிறவருக்கு அது கனவில்லை என்பதும் தெரியும். அந்த "மாதிரி" முக்கியம், அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள். 28 கேள்விகள் கொண்ட டிசோசியேஷன் வினாத்தாள் ஒன்று உண்டு. விடைகளின் சராசரி நூற்றுக்கு 30-க்கு மேல் போனால் விரிவாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் தருவார்கள். பதற்றம் தணிக்கும் சில மாத்திரைகளால் மந்தம் கூடினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கவுன்சலிங்கில் கவனம் தேவை. முதல் நாளே சின்ன வயதுச் சம்பவங்களைக் கிளறுகிறவரிடம் நிலைமை மோசமாகலாம். முதலில் நிலைப்படுத்துவது, பிறகுதான் பழைய காயங்கள், அதன்பின் அன்றாட வாழ்க்கையோடு சேர்ப்பது என்பதே வழக்கமான வரிசை. "தொடக்கத்தில் என்ன செய்வீர்கள்?" என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் அவருக்கு இந்த நிலை வரும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், உலுக்காதீர்கள். முன்னால், கை எட்டாத தூரத்தில் நின்று மெதுவாகச் சொல்லுங்கள்: "நம்ம வீட்டு ஹால்ல இருக்கோம். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் இங்கேதான் இருக்கேன்." சொல்லிவிட்டு அவகாசம் கொடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்வது, குளிர்ந்த பாட்டிலைக் கையில் கொடுப்பது பலருக்கு உதவும். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொல்லாதீர்கள், சிலருக்கு அது இன்னும் உள்ளே இழுத்துவிடும். "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று சொந்தக்காரர்கள் பரீட்சை வைப்பதைக் கறாராகத் தடுத்துவிடுங்கள், அதுதான் ஆகக் கெடுதல். தெளிந்ததும் விசாரணை வேண்டாம். அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வண்டி ஓட்டலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

தலையில் அடிபட்டிருந்தால், வாய் குழறினால், ஒரு பக்கம் பலமிழந்தால், வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், உயிரை விடுவதாகப் பேசினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே "இது இவருக்கு வழக்கம்தான்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர்கள் முழுசாகப் பரிசோதித்து முடிக்கட்டும்.