நூறு அப்பளம் எத்தனை கிராம்?

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அப்பளத்துக்கு அளவு என்றால் எண்ணிக்கைதான். "அம்பது குடுங்கம்மா", "கல்யாணத்துக்கு ஐந்நூறு வேணும்" என்பார்கள். அம்மா எண்ணிக் கட்டிக் கொடுப்பாள். 2023 பொங்கல் கழிந்ததும், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வைக்கலாம் என்று ஆசைப்பட்டுச் சரக்கோடு போனேன். அங்கிருந்த மேலாளர் ஒன்றைப் பொரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பாக்கெட் எத்தனை கிராம்? பார்கோடு இருக்கா? எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் எங்க?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம். அந்த அரசாங்க நம்பர் வாங்குவதுதான் பெரும்பாடு என்று பயந்திருந்தேன். அது அத்தனை மோசமில்லை. வருட வியாபாரம் 12 லட்சத்துக்குள் என்பதால் லைசென்ஸ் தேவைப்படவில்லை, பதிவே போதும். அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான். ஃபோஸ்காஸ் என்ற அவர்களுடைய இணையதளத்தில் நானே விண்ணப்பம் போட்டேன். முதல் தடவை தயாரிப்பாளர் என்பதற்குப் பதில் சில்லறை விற்பனை என்று தட்டிவிட்டதால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. அதைத் தவிரச் சிக்கல் இல்லை. 14 இலக்க எண் கைக்கு வந்துவிட்டது.

நாங்கள் மாட்டிக்கொண்டது கிராமில்.

அம்மாவின் அப்பளம் நூறை எண்ணி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். 6 கிராமில் ஒன்று, 9 கிராமில் ஒன்று. 200 கிராம் பாக்கெட் போட்டால் ஒன்றில் 24 இருக்கும், இன்னொன்றில் 31 இருக்கும். "எல்லாம் ஒரே மாவுதானலே" என்றாள் அம்மா. மாவு ஒன்றுதான், வெட்டுதான் வேறு. உளுந்து மாவை இடித்து, எண்ணெய் தொட்டு நீளமாக உருட்டி, நூலால் துண்டு போடுவது எங்கள் வழக்கம். துண்டின் அளவைச் சொல்வது அம்மாவின் கண்தான். காலையில் அந்தக் கண் சரியாக இருக்கும். மத்தியானம் பக்கத்து வீட்டு மதினி பேச வந்து உட்கார்ந்தால் துண்டு பெருத்துவிடும்.

தராசை வைத்து ஒவ்வொரு துண்டையும் நிறுக்கச் சொன்னேன். ஒரு நாள் செய்தாள், மறுநாள் தராசைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டு. கடைசியில் ஆசாரி ஒருவரிடம் கொடுத்து, பலகையின் ஓரத்தில் ஸ்கேல் போல ஒரே இடைவெளியில் கோடு கீறி வாங்கினோம். உருட்டிய மாவு ஒரே கனத்தில் வருவதற்கு இரண்டு பக்கமும் மரச்சட்டம். அதற்கிடையில்தான் உருட்ட வேண்டும், கோட்டுக்கு நேராகத்தான் நூல் போட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் 7 கிராமுக்கும் 8 கிராமுக்கும் இடையில் வந்து நின்றது. மதினி வந்தாலும் மாறவில்லை.

அப்புறம் ஈரம். பொதிகைப் பக்கத்திலிருந்து சாரல் அடிக்கிற நாளில் மாடியில் காய்ந்தது, கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே நீர் இருக்கும். அன்றைக்கு 200 என்று போட்டு வைத்த பாக்கெட் இரண்டு நாள் கழித்து 194 காட்டியது. கவரை இறுக மூடும் மெஷின் அப்போது இல்லை, ஈரம் வெளியே போய்விட்டது. 200 கிராம் பாக்கெட்டில் 9 கிராம் வரை கூடுதல் குறைவைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் எல்லாப் பாக்கெட்டும் குறைந்தே இருந்தால் அது பிழை ஆகாது, பழக்கம் ஆகிவிடும். அதனால் காய்ந்த மறுநாள்தான் நிறுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

லேபிள் கதை தனி. திருநெல்வேலியில் ஒரு அச்சகத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். மஞ்சள் பின்னணி, குங்குமச் சிவப்பு எழுத்து, பார்க்கவே மங்களகரமாக இருந்தது. ஆயிரம் அடித்துவிட்டோம். எடை என்ற இடத்தில் '200 ஜிஎம்எஸ்' என்று இருந்தது. விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, கிராமுக்குக் குறியீடு ஆங்கிலச் சின்ன ஜி ஒண்ணுதான். எம், எஸ் எல்லாம் போடக்கூடாது, அதுக்கே கேஸ் எழுதுவாங்க" என்றார். விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்பதையும் போட வேண்டுமாம். 90 ரூபாய்க்கு 200 கிராம், ஆக கிராம் 45 பைசா. அதுவும் எங்கள் லேபிளில் இல்லை.

இதை ஸ்டிக்கர் ஒட்டிச் சரிக்கட்டலாமா என்று யோசித்துக்கொண்டே மாதிரிக்கு ஒரு பாக்கெட்டைக் கடைக்கு எடுத்துப் போனேன். பில் போடும் பெண் ஸ்கேனரைக் காட்டினார். சத்தம் இல்லை. திருப்பிக் காட்டினார், தேய்த்துக் காட்டினார். என் செல்போனில் காட்டினால் நம்பர் அழகாக வருகிறது. "உங்க மிஷின்தான் ரிப்பேர்" என்று சொல்லியும் விட்டேன். அவர் பக்கத்திலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் காட்டினார். 'பீப்'.

கோளாறு எங்கள் பார்கோட்டின் சிவப்பில். அந்த ஸ்கேனர் சிவப்பு ஒளியைத்தான் அடிக்கும். அந்த ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும், மஞ்சளும் வெள்ளைதான். மிஷின் பார்த்தது வெறும் வெள்ளைத் தாள். செல்போன் கேமரா வண்ணத்தைப் பிரித்துப் பார்ப்பதால் ஏமாற்றிவிட்டது. கறுப்புக் கோடு, வெள்ளைத் தளம், இரண்டு பக்கமும் கொஞ்சம் காலி இடம் என்று மாற்றி மறுபடி அடித்தோம். பழைய ஆயிரம் லேபிளும் இன்றைக்கு வீட்டில் மளிகைக் கணக்கு எழுதப் பயன்படுகின்றன.

பார்கோடு எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்லைனில் சல்லிசாக விற்கிறவர்களிடம் வாங்க இருந்தேன். அது வேறு யாருடைய பெயரிலாவது பதிவாகியிருந்தால் கடையில் தேடும்போது உங்கள் அப்பளம் அவருடைய சோப்பாகத் தெரியும். பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவிடமே வாங்கினேன். முன்னால் வரும் 890 என்பது அங்கே பதிந்ததைத்தான் குறிக்கும், பொருள் இந்தியாவில் செய்தது என்று அர்த்தமில்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன்.

கூரியருக்கு வந்தபோதுதான் கையில் காசு கரைந்தது. 10 பாக்கெட், 2 கிலோ. கிடைத்த பெட்டி 30க்கு 30க்கு 20 சென்டிமீட்டர். பெட்டி அடைக்கும் இடத்தையும் கூரியர்காரர்கள் எடையாக்குவார்கள்; நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுத்தார்கள். 3.6 கிலோவுக்குப் பில். அதாவது காற்றுக்கும் காசு. அந்தக் காற்றிலேயே ஆடி ஆடி அப்பளமும் உடைந்து போய்ச் சேர்ந்தது. எங்கள் பாக்கெட் 15 சென்டிமீட்டர் சதுரம், 4 உயரம். இரண்டு வரிசையாக ஐந்தைந்து அடுக்கினால் 30க்கு 15க்கு 20 பெட்டியே போதும். அந்த அளவில் பெட்டி செய்யச் சொன்னதும் பில் பாதிக்குப் பக்கத்தில் இறங்கியது, உடைசலும் குறைந்தது. இதை முதலிலேயே கணக்குப் போட்டிருந்தால் பாக்கெட் அளவைக்கூட மாற்றியிருப்பேன்.

இப்போது மாதம் இரண்டு தடவை கடைக்குச் சரக்கு போகிறது. போன வாரம் பிரண்டை அப்பளமும் கேட்டார்கள். அதற்குத் தனி பார்கோடு எண் வேண்டும், அரைக் கிலோ பாக்கெட் போட்டால் அதற்கும் வேறு என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பிரண்டை கொஞ்சம் கனக்கும்லே," என்றாள், "பலகையில கோட்டை நெருக்கிக் கீறச் சொல்லு."